ஆறு நிமிடக் காத்திருப்பு

ஜெனோவேஃபா தன் ஆட்டங்களை எல்லாம்
என் கைபேசிக்கு அனுப்பிவிட்டுச் சொன்னாள்:
"எங்கே ஓட்டை, பார்."
நான் பிரேக் கட்டை மாற்றுகிறவன்.
என் புள்ளி ஆயிரத்து நானூறைத் தாண்டியதில்லை.
அவளுடையது, நேற்றிரவு நிலவரப்படி,
இரண்டாயிரத்து முந்நூற்று எண்பத்தொன்று.
ஆனாலும் என்னிடம் கேட்டாள்.
டௌகவ்பில்ஸ் டிப்போவில்
ஓட்டை என்றால் என்னிடம்தான் வருவார்கள்.

வெள்ளைக் காய் வந்தால்
தெரியாத வீட்டு விருந்தில் உட்கார்ந்ததுபோல் ஆடுகிறாள்,
கை எங்கே வைப்பதென்று தெரியாமல்.
கறுப்பு வரட்டும்.
நூற்றில் அறுபத்தொன்று அவளுக்கு.
குதிரையை ஓரத்தில் கட்டிப்போடுவாள்.
எதிராளி அதை மறந்து
இரண்டு மூன்று சிப்பாய்களை மேய்ந்துகொண்டிருப்பான்.
ஒரு தாவல்.
ராஜாவும் ராணியும் ஒரே நேரத்தில்
தலை திருப்பிப் பார்ப்பார்கள்.
லிஸ்பனில் பட்டம் வாங்கிய ஒருவன்
இந்தக் குதிரையிடம் நான்கு முறை விழுந்திருக்கிறான்.
ஐந்தாம் முறை அவன் வரவில்லை.

சமன் கேட்கமாட்டாள். கேட்டாலும் தரமாட்டாள்.
ராஜாவைக் கோட்டைக்குள் வைக்கவும் மாட்டாள்,
நாளுக்குப் பதினொரு தடவை
கோட்டை நிறுத்தம்வரை ட்ராம் ஓட்டுகிற இவள்.
"உள்ளே என்ன இருக்கு? ஈரச் சுவர்தானே" என்கிறாள்.
இதையெல்லாம் நான் குறையென்று எழுதவில்லை.

குறை வேறு.
ஆட்டம் மெலிந்து
ஆளுக்கொரு யானையும் சில சிப்பாய்களும் மிஞ்சும்போது
அவள் எழுந்துபோய்விடுகிறாள்.
தோற்கவில்லை, விட்டுவிடுகிறாள்.
ஒன்றில் ஒரு சிப்பாய் கூடுதல் அவளுக்கு.
ஒன்றில் யானையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் போதும்,
எனக்கே தெரிகிறது.

முதலில் ட்ராமைத்தான் சந்தேகப்பட்டேன்.
ஆளுக்கு மூன்று நிமிடம், ஆட்டத்துக்கு ஆறு.
கடைசி நிறுத்தத்தில் காத்திருப்பும் ஆறு.
ஐந்தாம் நிமிடத்தில்
மூட்டையும் குடையுமாக ஆட்கள் ஏறுவார்கள்,
கண்ணாடியில் பனி படியும்,
அவள் மணியை அழுத்தவேண்டும்.
அட்டவணையை எடுத்துத்
தோல்விகளின் நேரத்தோடு வரிவரியாக ஒப்பிட்டேன்.
பொருந்தியது, பாகத்துக்குப் பாகம்.
விஷயம் முடிந்தது என்று தேநீர் போட்டேன்.

பிறகுதான் கிழமையைப் பார்த்தேன்.
ஞாயிறு.
அவளுக்கு விடுமுறை.
வீட்டில், காலுறையோடு, ரேடியேட்டர் பக்கத்தில்
யாரும் ஏறக் காத்திருக்காத அறையில்
ஐந்தாம் நிமிடம் வந்ததும்
அதேபோல விட்டிருக்கிறாள்.
பதினேழு ஞாயிறுகள்.

அவள் ஆட்டத்தில் மணியோசை முன்னே வந்துவிடுகிறது.
யானை வருவதேயில்லை.

இதைத்தான் சொன்னேன், சுற்றி வளைத்து.
தொடக்க ஆட்டப் புத்தகம் எதுவும் வேண்டாம்,
ஞாயிற்றுக்கிழமை உட்கார், அவ்வளவுதான்.
"ம்" என்றாள்.
கையுறையை மாட்டிக்கொண்டாள்.
கோபமா என்று தெரியவில்லை.
முதுகைப் பார்த்து எதைக் கண்டுபிடிப்பது?

அந்த ஞாயிறு இரவு
டிப்போவில் தனியாக, கைபேசியை டயர் அடுக்கின்மேல் சாய்த்து
அவள் ஆட்டத்தைப் பார்த்தேன்.
ஐந்தாம் நிமிடம் வந்தது.
நான் மூச்சை விடவில்லை.
போனது.
அவள் இருந்தாள்.
ஒன்பது வினாடி மிச்சத்தில்
யானை ஏழாம் வரிசைக்கு இறங்கியது,
கனத்து, சற்றே தயங்கி,
தண்ணீர் எவ்வளவு ஆழமென்று பார்ப்பதுபோல.
பிறகு கடிகாரம் அவளை முடித்தது.
தோல்விதான். பதினொரு புள்ளி போயிற்று.
நான் ஏன் கைதட்டினேன் என்று
காவலாளி ஸ்டனிஸ்லாவ்ஸ் வந்து கேட்டான்.

திங்கட்கிழமை காலை
கோட்டையிலிருந்து கிளம்பவேண்டிய ட்ராம்
இரண்டு நிமிடம் பிந்தியது.
ஏழு பயணிகள் புகார்.
விளக்கம் கேட்டு மேலாளர் பதிவேட்டை நீட்டினார்.
"பிரேக்கில் சிறு கோளாறு" என்று எழுதி
கையெழுத்துப் போட்டேன்.