மழை ஏழு

செந்தூலில் மோட்டார் பட்டறைக்கு மேல்மாடி.
சுவர் முழுக்க முட்டை அட்டைகள்,
சன்னலில் பழைய போர்வை.
கீழே எக்ஸோஸ்ட் உறுமும்போது
பேச்சை நிறுத்திக் காத்திருப்போம்.
அங்கேதான் யோகமலரை
வியாழன்தோறும் கொன்றோம்,
நான்கு பாகமாக.

தர்வினுக்கு நல்ல குரல்.
கதவைச் சாத்துவதுபோல் வாக்கியத்தை முடிப்பான்.
எழுதுவதும் அவன்தான்.
வெட்டுவது, ஒட்டுவது, ஓசை சேர்ப்பது நான்.
"அவள் திரும்பிப் பார்த்தாள்" என்று அவன் சொன்னதும்
மூன்று விநாடி வெறுமை வைப்பேன்.
இரண்டு போதாது.
நான்கென்றால் கேட்பவர் வேறு எதையாவது தட்டிவிடுவார்.
மூன்று முடிந்ததும்
மெத்தை விளம்பரம்.

டயர் கடையில் கணக்கெழுதினாள் என்று
ஒரு பத்தி இருந்தது.
மெதுவாகப் போகிறதென்று வெட்டினோம்.
கொன்றவன் பெயர் இருபத்து மூன்று இடத்தில் வரும்.
அவள் பெயர் ஒன்பது.
மற்ற இடமெல்லாம் 'அந்தப் பெண்'.

யாரையும் போய்க் கேட்கவில்லை.
நீதிமன்றத் தாள் பொதுச்சொத்து என்றான் தர்வின்.
தாளில் மேம்பாலம் இருந்தது,
இரவு பத்து நாற்பது இருந்தது,
கைப்பையில் அறுபத்திரண்டு வெள்ளி இருந்தது.
வானிலை இல்லை.
"வெறிச்சுனு இருக்கு" என்றான்.
கோப்புறையைத் திறந்தேன்.
மழை ஏழு:
என் சமையலறைத் தகரத்தில்
ஒரு தீபாவளி வாரம் பதிவு செய்தது.
அருமையான மழை. முதலில் தயங்கித் தயங்கி,
பிறகு மூட்டை அவிழ்ந்த பயறு போல.

குணாளன் அழைத்தது ஞாயிற்றுக்கிழமை.
திட்டுவார் என்று நினைத்துக்
காதைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.
"அன்னிக்கு மழ இல்லீங்க" என்றார்.

நான் ஏதேதோ சொன்னேன், சூழல் அது இதென்று.
முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"மழ பேஞ்சா நான் காடிய எடுத்துக்கிட்டு
ஸ்டேசனுக்குப் போயிடுவேன்.
பேயலன்னா அவளே நடந்து வந்துடுவா.
எங்களுக்குள்ள அதான் பேச்சு.
அன்னிக்கு வானம் தொடச்சு வச்ச தட்டு மாதிரி.
நான் பந்து பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவருக்குப் பின்னால் ஒரு மின்விசிறி
கடகடத்துக்கொண்டிருந்தது.
நல்ல ஓசை, எங்காவது உதவும் என்று
நினைத்தது என் காதுதான்.
நானும்தான்.

"பக்கத்து வீட்டுப் பிள்ள போட்டுக் காட்டியிருக்கு.
மூணு நாளா அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாங்க.
அவ்ளோ மழையில
நீ ஏண்டா போகல?"

அன்றிரவே மழையை எடுத்தேன்.
தர்வின் தடுக்கவில்லை.
"அந்த இடத்துல உயிரே போயிடுச்சு" என்றான்.
சொன்ன பிறகு வெகுநேரம்
தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
நாற்பத்தோராயிரம் பேர்
ஏற்கெனவே நனைந்திருந்தார்கள்.

மழைக்கு அடியில் காலடிச் சத்தம் இருந்தது.
மறந்தே போயிருந்தேன்.
அது என்னுடையது.
பட்டறைப் படிக்கட்டில் பன்னிரண்டு தடவை இறங்கி
ஒன்பதாவதைத் தேர்ந்தெடுத்தோம்,
அதில்தான் பயம் இருக்கிறதென்று.

அதையும் எடுத்தால்
பாலத்தில் யாருமே இல்லை.
விட்டால்
என் கால்களோடு அவள் நடக்கிறாள்.

கைபேசியில் அவர் எண்ணைப் பார்த்தேன்.
உங்கள் தங்கை அன்று
என்ன செருப்பு போட்டிருந்தார்
என்று எப்படிக் கேட்பது.
எதற்குக் கேட்பது.

கீழே யாரோ கப்சாயை உதைத்துக் கிளப்பினார்கள்.
பழக்கம்.
வாயைத் திறக்காமல்
அது ஓயும்வரை காத்திருந்தேன்.