விரியனுக்குப் படம் இல்லை

முதலில் நான் வரைந்தது நல்ல பாம்பு.
விரிந்த படம், பிளந்த நாக்கு,
செதில் செதிலாய் இரண்டு ராத்திரி.
பாம்புக்கடி முதலுதவிப் பக்கத்தின்
நெற்றியில் அதை ஏற்றினேன்.
ராயக்கோட்டை மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிற
பெண்களிடம் போனை நீட்டினேன்.
மாதம்மா கையைப் புடவையில் துடைத்துவிட்டுக்
கன்னத்தில் போட்டுக்கொண்டார்.
"புத்துல இருக்குற மாதிரியே இருக்கு."
கீழே கடிபட்ட கால் ஒன்று இருந்ததை
ஒருவரும் பார்க்கவில்லை.

அருள்செல்வி சிஸ்டர்தான் சொன்னார்:
"இந்தப் பக்கம் தோட்டத்துல கடிக்கிறது
கண்ணாடி விரியன்.
அதுக்கு ஏதும்மா படம்?"

படம் இல்லாத பாம்புக்குப்
படம் போட வந்தவள் நான்.

பாம்பை அழித்தேன்.
விட்ட இடத்தில் கால் தானாகப் பெரிதானது.
அதற்கு ஷூ மாட்டியிருந்தேன், பெங்களூர்ப் பழக்கம்.
கழற்றிவிட்டுச் சேறு பூசினேன்.
இரண்டாம் விரலில் மெட்டி.
"இப்பதான் கால் மாதிரி இருக்கு," என்றார்கள்.
அதுவரை அது என்னவாக இருந்ததோ.

அடுத்தது, செய்யக் கூடாதது.
கயிற்றால் இறுக்கிக் கட்டிய கெண்டைக்கால்,
அதன் மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி.
மினி லாரி மாதேஷ் உற்றுப் பார்த்தான்.
"புரிஞ்சுதுக்கா. நல்லா இறுக்கிக் கட்டிட்டு
மேல பிளாஸ்திரி ஒட்டணும்."
அவன் விளையாடவில்லை.
ஒரு பெருக்கல் குறியில்
ஒரு கால் போயிருக்கும்.

கூடாததை வரைந்தால்
அது கூடிவிடுகிறது.

கயிறு, பிளேடு, வாய் வைத்து உறிஞ்சும் தலை,
எல்லாவற்றையும் தூக்கினேன்.
மிச்சம்: படுத்திருக்கும் ஒருத்தி.
காலோடு சேர்த்துத் துணியால் தளர்வாகச் சுற்றிய
தக்காளிச் செடிக் குச்சி.
பக்கத்தில் ஒரு வண்டி, கதவு திறந்து.
ஓடுகிறவர் யாரும் இல்லை.

அஞ்செட்டி மேட்டில் சிக்னல் ஒரே கோடு.
அங்கே நின்று திறந்து பார்த்தேன்.
வட்டம் சுற்றியது. சுற்றியது.
ஐம்பத்திரண்டு நொடி.
நஞ்சு இவ்வளவு நேரம் சும்மா நிற்காது.
வானத்தின் நீலம் போனது, புல் போனது,
பின்னால் ஆசையாய் வைத்திருந்த மலையும் போனது.
மூன்று நிறம், பதினெட்டு கேபி.

படம் வரவே இல்லையென்றால்
அதன் இடத்தில் வர ஒரு வரி எழுதிவைத்தேன்:
அசையாமல் படுக்க வையுங்கள், கட்ட வேண்டாம்,
108-க்குக் கூப்பிடுங்கள்.
"நீ போட்டதுலயே இதுதான் நல்ல படம்,"
என்று சிஸ்டர் சொன்னபோது
எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆவணியில் ஒரு நாள் கணக்கைப் பார்த்தேன்.
நடுராத்திரி தாண்டி இரண்டு பத்துக்கு
ஒரே ஒரு திறப்பு.
எந்த ஊர் என்று காட்டவில்லை.
படம் இறங்கியிருக்கிறது.
நான்கு நிமிடம் அப்படியே இருந்திருக்கிறது.
அப்புறம் ஒன்றும் இல்லை.
சார்ஜ் தீர்ந்திருக்கலாம்.
தூக்கம் வராத யாரோ சும்மா பார்த்திருக்கலாம்.
அல்லது போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
கதவு திறந்த வண்டியில்
ஏறியிருக்கலாம்.

சிஸ்டரைக் கூப்பிட்டேன்.
முதல் ரிங்கிலேயே வைத்துவிட்டேன்.
பிறகு, வேறொரு தாளில்,
அந்த மலையை மட்டும் வரைந்துகொண்டிருந்தேன்
விடிகிற வரை.