கோரைப்புல்

முதலில் இடம் பார்க்கணும் என்றான் கொழுந்தன் சிட்டிபாபு.
நரி எங்கேயும் இருக்கும்,
கூப்பிட்டால் எங்கேயும் வந்துவிடாது.

பத்தலப்பல்லி மலைச்சாலைக்குக் கீழே
விலைபோகாத தக்காளியை
வி.கோட்டா வண்டிகள் கொட்டிவிட்டுப் போகிற வளைவு.
கோழிப்பண்ணைக்காரர்
புதைத்தாயிற்று என்று சொல்லிப் புதைக்காத பள்ளம்.
இரண்டுக்கும் நடுவே ஓடை மணல்.
மூன்று பகல் நடந்தோம்.
நாயின் தடம் கண்டதையெல்லாம் மோந்து வளையும்.
இது நூல் பிடித்த மாதிரி போகிறது,
வேலை இருக்கிறவனைப் போல.

எச்சத்தைக் குச்சியால் கிளறினேன்.
இலந்தைக் கொட்டை,
கோழியிறகின் தண்டு,
கொஞ்சம் செவலை மயிர்.
மயிரை எனக்குத் தெரியும்.
குழுக்கடனில் வாங்கிய ஆடு போட்ட மூன்றில்
மூன்றாவது.
இன்னும் பதினோரு தவணை பாக்கி.

எல்லைக்கல்லைத் தாண்டியதும்
செல்போன் தெலுங்கில் வரவேற்றது.
அணைத்துவிடு என்றார் முனிரத்தினம்.
நரிக்கு எந்த ஊர் சிக்னல் என்று
யாரும் கேட்கவில்லை.

அமாவாசைக்கு முந்தின நாள்.
காற்று முகத்துக்கு நேரே வருகிற மாதிரி
பாறைக்குக் கீழே உட்கார்ந்தோம்.
சாக்கில் சுற்றிய துப்பாக்கி கொழுந்தன் மடியில்.
டார்ச் அவர் கையில்.
கூப்பிடுகிற வேலை எனக்கு,
ஏனென்றால் அவர்கள் ஊதினால்
புல்லிலிருந்து வேறு சத்தம் வருகிறது.
சிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான்
சிரித்தார்கள்.

இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே கோரைப்புல்.
நாக்கு நுனியால் ஈரம்.
முள்கம்பியில் கால் மாட்டிய முயலை
நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.
முதலில் கீச்சென்று மேலே போகும்,
அப்புறம் உடையும்,
அப்புறம் மூச்சுக்காக நிற்கும்.
அந்த நிற்றல்தான் முக்கியம்.
அதில்தான் கேட்கிறவன் எழுந்து நடக்கிறான்.

ஊதினேன். நிறுத்தினேன்.
ஊதினேன்.
நான்காவது முறை ஊதும்போது
ரவிக்கை நனைந்தது.
பால்.
வீட்டில் பாப்பா மாமியாரிடம் தூங்குகிறாள்,
எனக்குத் தெரியும்.
மாருக்குத் தெரியவில்லை.
முந்தானையை இழுத்து அழுத்திக்கொண்டு
மறுபடி ஊதினேன்.

அவர்கள் ஓடையைப் பார்த்திருந்தார்கள்.
அது பின்னாலிருந்து வந்தது.
என் இடது பக்கம், ஏழெட்டு முழத்தில்,
வாலை ஒழுங்காய்ச் சுற்றி வைத்து உட்கார்ந்தது.
மூக்கு ஆடியது.
முயலைத் தேடவில்லை.
என் நனைந்த இடத்தையே பார்த்தது.
அதற்கும் அடிவயிற்றில் காம்புகள் தொங்கின,
ரோமம் தேய்ந்து, நட்சத்திர வெளிச்சத்துக்கே தெரிகிற அளவு.

கண்டால் தொடையில் தட்டு என்று ஏற்பாடு.
பதினோரு தவணை.
தட்டினேன்.

டார்ச் அடித்தது. கண் இரண்டும் பச்சை.
கொழுந்தன் விசையை இழுத்தான்.
டிக்.
பனியில் மருந்து நமத்துப்போயிருந்தது.
இன்னொருமுறை டிக்.
அது அவசரப்படவில்லை,
எழுந்து, உடம்பை உதறி,
ஆந்திராப் பக்கம் இறங்கிப் போனது.

திரும்பும் வழி முழுக்கச் சண்டை.
வலம் போச்சு, நல்லதுதான் என்றார் இவர்.
நாம திரும்பி உட்கார்ந்திருந்தோம், அதனால இடம் என்றான் அவன்.
இடம் போனா என்ன வலம் போனா என்ன,
மேலே விழுந்து பிடுங்கலையே என்றேன்.
அதற்கு இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.
நாளைக்கு வேறு மருந்து வாங்கணும் என்றான்
பேரணாம்பட்டு விளக்குகள் தெரிந்த பிறகு.

விடியக் கொஞ்ச நேரம் இருக்கும்,
பாப்பா அழுதாள்.
முதலில் கீச்சென்று மேலே போனாள்.
அப்புறம் உடைந்தாள்.
அப்புறம் மூச்சுக்காக நின்றாள்.

எழுந்துபோய் முதலில் கதவைத் தாழ் போட்டேன்.
பிறகுதான் எடுத்தேன்.