வண்டி வாடை

மூக்கு என்னுடையதுதான்.
ஆனால் ஏழு வருஷமாக இந்த வண்டிக்குள்ளேயே
குடியிருக்கிறது. அதற்கு ஒன்றும் தெரியவில்லை.

ஏறுகிறவர்களுக்குத் தெரிந்தது.
ஏர்போர்ட் சவாரிக்காரர் கைக்குட்டையை எடுத்தார்.
மண்டபத்துக்குப் போன குழந்தை
"அம்மா, ஈரச் சாக்ஸ்" என்றது;
தாய் அதன் தொடையில் கிள்ளினாள்.
செயலியில் இரண்டே நட்சத்திரம் போட்ட ஒருவர்
காரணம் எழுதவில்லை.

ஆரஞ்சு மணக்கும் அட்டையொன்றைக் கண்ணாடியில் தொங்கவிட்டேன்.
ஆரஞ்சும் ஈரச் சாக்ஸும் கூடி
மூன்றாவதாக ஒன்று பிறந்தது.
இருக்கைக்கடியில் காப்பித்தூள் வைத்தேன். சூடம் வைத்தேன்.
ஒரு வெள்ளிக்கிழமை கதவெல்லாம் அடைத்து
பேய் ஓட்டுகிறவன் மாதிரி சாம்பிராணி போட்டேன்.
ஏசித் துளைக்குள் உட்கார்ந்திருந்த பேய்
அதையும் தின்றுவிட்டு
மறுநாள் மதியம் ஏப்பம் விட்டது.

பரிதா அக்கா மட்டும் ஒன்றும் சொன்னதில்லை.
திங்கள், வியாழன். மேலூரிலிருந்து டயாலிசிஸுக்கு.
ஏறியதும் கண்ணாடியை இறக்கிவிடுவார்,
சித்திரை வெயிலிலும்.
குவாரி லாரித் தூசி முழுக்க அவர் மடியில்.
சிட்டம்பட்டி டோல்கேட்டுக்குள்
அத்தர் குப்பியை இரண்டு தரம் திறந்து
கழுத்தில் தொட்டுக்கொள்வார்.
காற்று பிடிக்கும்போல என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் திரும்புகையில், சோர்வில்,
கண்ணைத் திறக்காமலே சொன்னார்:
"வெளிய போக வேண்டியது போகாட்டி
ஒடம்பு நாறத்தான் செய்யும் தம்பி.
ஒனக்குத்தான் கஷ்டம்.
என்னைய எறக்கிவிட்டதும் வண்டிய நல்லாக் கழுவிக்க."

மேலூர் வரை நான் வாய் திறக்கவில்லை.

விடிந்ததும் செல்லூரில், ஒச்சப்பன் பட்டறை.
டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி
பின்னாலிருந்து ஒரு சட்டத்தை உருவினான்.
வெள்ளையாய் இருந்திருக்க வேண்டியது.
புங்கம்பூ, வேப்பங்குச்சி,
யார் கல்யாணத்திலோ தூவிய ஜிகினாத் துண்டு,
எலி கொண்டுவந்து சேர்த்த தேங்காய் நார்,
எந்த ஊர் மண்ணென்று தெரியாத மண்.
எல்லாம் நனைந்து, கறுத்து, பூஞ்சணம் பிடித்து.
"ஏழு வருஷமா இத மாத்தவே இல்லையாண்ணே?"
இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்று சொல்ல
வெட்கமாக இருந்தது. ஹாரனைத் துடைத்தேன்.

உள்ளே நுரை அடித்தான்.
தண்ணீர் வடிகிற குழாய் அடைத்துக் கிடந்தது;
சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டுக் குத்தினான்.
சொட்டியது முதலில் டீ நிறம்,
பிறகு அரிசி கழுவிய நிறம்,
அப்புறம் வெறும் தண்ணீர்.
"எறங்கறதுக்கு ரெண்டு கிலோமீட்டர் முந்தியே
ஏசிய அணைச்சிருங்க, ஃபேன் மட்டும் ஓடட்டும்.
ஈரம் காஞ்சாப் போதும்."
புதுச் சட்டம் நானூற்றைம்பது.
பழசை எறியப் போனவன் கையைப் பிடித்தேன்.
செய்தித்தாளில் சுற்றி டிக்கியில் வைத்தேன்.

வியாழக்கிழமை.
ஏறியதும் அவர் கை கண்ணாடிப் பொத்தானுக்குப் போனது.
"ஒரு நிமிஷம்க்கா."
பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்தேன்.
"வண்டிதான் நாறுச்சு. நீங்க இல்ல."

நம்பவில்லை. என் முகத்தையே பார்த்தார்.
பிறகு அந்தக் கறுத்த சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கி
மூக்கருகே கொண்டுபோய்
ஆழ இழுத்தார்.
மறுபடியும் ஒருமுறை.
ஒரு நாற்றத்தை அத்தனை ஆசையாக
யாரும் முகர்ந்து நான் பார்த்ததில்லை.

"அப்ப நாலு மாசமா வெயில்லயும் தூசியிலயும்
சும்மாவா வந்தேன்?"
"ஆமாக்கா."
"வாடகையில அம்பது கொறச்சுக்க."
"சரிக்கா."
"நூறு."

கண்ணாடி மேலே ஏறியது.
யானைமலை தாண்டும்போது தூங்கிவிட்டார்,
வாய் லேசாகத் திறந்து.
ஏசியை எங்கே அணைப்பதென்று
மாட்டுத்தாவணி வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.
ஆரஞ்சு அட்டை ஆடிக்கொண்டிருந்தது,
கழற்ற மறந்திருந்தேன்.