முப்பது நிறுத்தங்கள்

சனிக்கிழமைதோறும் கழுவுகிறேன்.
செவ்வாய்க்குள் முன்சக்கரம் இரண்டும்
அடுப்புக்குள் முகம் விட்டு எடுத்ததுபோல் ஆகிவிடும்.
பின்சக்கரங்கள் அப்படியே,
சொல்பேச்சு கேட்கிற பிள்ளைகள்.

வெள்ளி ரிம்மில் விரல் வைத்தால்
கைரேகை பதிகிறது.
துடைத்த துணியை முகர்ந்தால்
பழைய நாணய வாசம்.
நான் மிதித்து நிறுத்தியதெல்லாம்
பொடியாகி என் வண்டிமேலேயே ஒட்டிக்கொள்கிறது:
குறுக்கே பாய்ந்த மான்,
பள்ளிப் பேருந்து நீட்டிய சிவப்புப் பலகை,
ரெட் கேன்யன் இறக்கத்தில் முழுசாக ஒன்பது நிமிடம்.

லேண்டரில் ஞாயிறும் திறந்திருக்கிற உதிரிபாகக் கடை.
லைல் ஹாக்ஸ்ட்ரா இரண்டு பெட்டிகளைக் கவுண்டரில் வைத்தார்.
"இது பாதி உலோகம். சூடு தாங்கும், கரி கக்கும்.
இது செராமிக். சத்தம் கிடையாது, தூசி கம்மி,
பதினெட்டு டாலர் கூட."
இரண்டையும் தூக்கி எடை பார்த்தேன்,
ஏதோ எனக்குத் தெரிந்ததுபோல.

"ஒன்று கேட்கணும் மார்லிஸ்,
டிரெய்லர் இழுப்பீர்களா?"

எல்லாக் கேள்விக்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.
வண்டி எந்த வருஷம், ஆறு போல்ட்டா எட்டா,
டிஸ்க் எவ்வளவு தேய்ந்திருக்கிறது,
மளிகை ரசீதின் முதுகில் எழுதி
சட்டைப்பைக்குள் வைத்திருந்தேன்.
இது அதில் இல்லை.

கொட்டகைக்குப் பக்கத்தில் நிற்கிறது டிரெய்லர்.
இரண்டு குதிரைக்கு இடம்.
டயர் நாலும் மண்ணோடு மண்ணாக உட்கார்ந்துவிட்டன.
பிஸ்கட்டும் அதன் ஜோடியும்
என் தங்கை ஜோலீனோடு நெப்ராஸ்கா போய்
மூன்று குளிர்காலம்.
உள்ளே இன்னும் வைக்கோல் கிடக்கிறது.
பாதிக் கேரட் ஒன்றும் கிடந்தது,
அதை எலி எடுத்துக்கொண்டது.

"எப்போதாவது" என்றேன்.

"எப்போதாவது என்றால் பிரேக்குக்குப் புரியாதே"
என்றார் லைல். கிண்டலாக இல்லை,
விலைப்பட்டியல் வாசிக்கிற குரலில்.
எனக்குப் பின்னால் ஒருவர்
இரண்டு கைகளிலும் எண்ணெய்க் கேனோடு
கால் மாற்றி நின்றார்.

இல்லை, என்றேன். இழுப்பதில்லை.

கடன் அடைத்ததுபோலவும் இருந்தது,
கடன் பட்டதுபோலவும்.

செராமிக் பெட்டிக்குள் மடித்த தாள் ஒன்று:
முப்பது மைல் வேகத்திலிருந்து
முப்பது தடவை வேகம் தணி.
நடுவே முப்பது விநாடி ஆறவிடு.
அதற்கப்புறம்தான் பேடும் டிஸ்க்கும்
ஒன்றோடொன்று பழகும்.

மாட்டி முடித்தபோது மணி ஆறு.
சேஜ் புதரும் காற்றும் தவிர
யாருமில்லாத கவுண்டி ரோட்டில்
வேகம் எடுத்தேன், மிதித்தேன்,
வேகம் எடுத்தேன், மிதித்தேன்.
எதிரே எதுவும் வரவில்லை.
எதற்கும் மிதிக்காமல் சும்மா மிதிப்பது
இத்தனை கூச்சமாக இருக்கும் என்று
தாளில் போடவில்லை.

பதினோராவதுக்கு மேய்ந்துகொண்டிருந்த
ஆன்டெலோப் கூட்டம் தலை தூக்கியது.
பதினாறாவதுக்குத் தூக்கவில்லை.
பத்தொன்பதில்
பின்னால் நீல விளக்கு.

துணை ஷெரீஃப் ரெனாட்டா கோபல்
டார்ச்சை என் மடியில் அடித்தார்.
"மேடம், எதற்காக நின்று நின்று போகிறீர்கள்?"
"எதற்காகவும் இல்லை" என்றேன்,
உண்மையைச் சொன்னால் பொய்போல ஒலிக்கிற நேரம் அது.
தாளை நீட்டினேன். விளக்கொளியில்
கடைசி வரி வரைக்கும் படித்தார்.
"இன்னும் எத்தனை?"
"பதினொன்று."

வைக்கோல் லாரி வரும் வழி இது என்று சொல்லி
விளக்கை அணைக்காமலே பின்னால் வந்தார்.
நான் மிதித்தபோதெல்லாம் அவரும் மிதித்தார்.
பதினொரு தடவை,
வெறும் ரோட்டில், இரண்டு வண்டிகள்,
ஒன்றுமே இல்லாததற்கு வழிவிட்டு.
முப்பதாவது முடிந்ததும் ஒருமுறை ஹாரன் அடித்துத்
திரும்பிப் போய்விட்டார்.

சனிக்கிழமை வாளியோடு போனேன்.
ரிம்மில், நெற்றியில் இட்டு உதறிய
விபூதி அளவுக்கு வெளிறிய சாம்பல்.
ஒரு வீச்சில் போயிற்று.
முக்கால் வாளித் தண்ணீர் மிச்சம்.
டிரெய்லர் பக்கம் பார்த்தேன்.
பிறகு அங்கேயே கவிழ்த்துவிட்டு
உள்ளே வந்தேன்.