அளக்கத்தக்க வினை

ஐந்தாம் வகுப்பு, கணக்கு, காலம் என்னும் பாடம்.
கைப்பேசியில் இருபத்திரண்டு விழுக்காடு.
அஞ்செட்டியில் என் வாடகை அறையின்
சன்னல் கம்பிகளுக்கு நடுவே செருகி வைத்தால்
ஒரு கோடு சிக்னல், சில நேரம் இரண்டு.

மாணவர் அடையவேண்டிய திறன் என்ற கட்டத்தில்
'நேரத்தைப் புரிந்துகொள்வர்' என்று எழுதினேன்.
சிவப்புக் கோடு போட்டது செயலி:
புரிதலை அளக்க இயலாது,
அளக்கத்தக்க வினைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கவும்.

கீழே பட்டியல் விரிந்தது.
கணக்கிடுவர். ஒப்பிடுவர். வரிசைப்படுத்துவர். விளக்குவர்.
எல்லாம் எதிர்காலம், எல்லாம் முற்று.
தமிழ் எடுக்கும் பொன்னுரங்கம் சார் பார்த்தால் சிரிப்பார்:
நம்ம பிள்ளைங்க எல்லாம் வினையெச்சம்தானே டீச்சர்,
வந்து, நின்று, பாதி கேட்டு,
நடுவில் ஆடு ஓட்டப் போய்

பட்டியலின் அடிவரை தள்ளிப் பார்த்தேன்.
தம்பியைச் சுமப்பர் இல்லை.
புளி உலுக்குவர் இல்லை.
வகுப்பில் தமிழும் வழியில் கன்னடமும்
சந்தையில் தெலுங்கும் பேசுவர், இல்லை.

கணக்கிடுவர் என்பதைத் தொட்டேன்.
நொடியில் வந்து விழுந்தது பாடத்திட்டம்,
நாற்பது நிமிடத்துக்கு, ஒரு நிமிடம் பிசகாமல்.
எடுத்துக்காட்டு: மீனா மெட்ரோ ரயிலில் ஏறுகிறாள்.
ரயில் எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது.

மெட்ரோவை அழித்தேன்.
உரிகம் பஸ்ஸை ஓட்டிப் பார்த்தேன்.
எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்று கேட்டது.
'வந்தால் வரும்' என்பதை
எண்கள் மட்டும் ஏற்கும் கட்டம் ஏற்கவில்லை.
பஸ்ஸையும் எடுத்துவிட்டு
மீனாவை இறக்கி, நஞ்சேஷை நடக்கவிட்டேன்.

மறுநாள் கரும்பலகையில்:
நஞ்சேஷ் வீட்டிலிருந்து ஏழே காலுக்குக் கிளம்புகிறான்.
பள்ளிக்கு ஐம்பது நிமிட நடை.
எப்போது வந்து சேர்வான்?

எட்டு ஐந்து என்றாள் சிவலிங்கி.
எட்டு ஐந்து என்றன பதினோரு சிலேட்டுகள்.
நஞ்சேஷ் மட்டும் எட்டு முப்பத்தைந்து.
செயலி அவன் பெயருக்கு நேரே அரும்பு என்றது.
மொட்டுக்கே இன்னும் தூரம், மலரைப் பிறகு பார்க்கலாம்.
மீள்கற்றலுக்குப் பயிற்சித்தாள் நான்கு,
கடிகாரப் படத்தோடு,
கேட்காமலே தயாரித்துத் தந்தது.

முதல் தாளில் எல்லாம் சரி.
இரண்டாவதிலும்.
"அப்புறம் ஏன்டா நேத்து?"
பென்சிலைக் கடித்துக்கொண்டே சொன்னான்:
"நீங்க என் பேரத்தானே போட்டீங்க.
நான் கெளம்பி புளியமரத்துகிட்ட நிப்பேன்.
ஏழு பேரு சேரணும், சேராம நடக்க விடமாட்டாங்க.
ஆனெ இருக்குதில்ல.
மாதம்மா தம்பிக்குச் சட்டை போட்டு
கூட்டி வரங்காட்டியும் அரைமணி ஆயிடும்."

யானைக்கு மட்டும் வீட்டுச் சொல்.

ஐம்பதும் முப்பதும் எண்பது.
ஏழே காலோடு எண்பதைக் கூட்டி
விரல் மடக்கி, இன்னொரு தரமும் மடக்கிப் பார்த்தேன்.
விடையில் பிழை இல்லை.
கணக்கில்தான் ஆறு பேர் குறைவு.

இன்றிரவு அதே சன்னல், பதினான்கு விழுக்காடு.
விடைக்குறிப்பில் எட்டு முப்பத்தைந்தையும் சேர்த்தேன்.
ஒரு வினாவுக்கு ஒரு விடை என்றது.
சரி என்று வினாவைத் திருத்தினேன்.
புளியமரம் வைத்தேன். ஏழு பேரையும் வைத்தேன்,
ஒரு கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டிருக்கும்
மாதம்மாவின் தம்பியோடு சேர்த்து.
யானையை வைக்கவில்லை, அது தானாக வரும்.

திறன் கட்டத்தில் புதிதாய் ஒரு வினை அடித்தேன்:
காத்திருப்பர்.
பட்டியலில் இல்லை. சிவப்புக் கோடு.
அளக்கத்தக்கதுதான் ஐயா,
முப்பது நிமிடம்.

சேமி என்பதை அழுத்தினேன்.
இருந்த ஒற்றைக் கோடும் அந்நேரம் போய்விட்டது.
வட்டம் சுற்றிச் சுற்றித் திரை சொல்கிறது:
காத்திருக்கவும்.

இருக்கிறேன்.
நாலாம் வகுப்புக்குப் பின்னம் பாக்கி.