அரை கிராம்

சனி மாலை. சிவதாபுரம் சமுதாயக் கூடம்.
என்.எஸ்.எஸ். கணக்கில் இன்னும்
பதினொரு மணி நேரம் பாக்கி எனக்கு.

0.5 பெரிதா, 0.35 பெரிதா?
முப்பத்தஞ்சு என்று கூரை அதிர்ந்தது.
ஆப்பிள் வரைந்த அட்டையை நான் விரிக்குமுன்
கடைசி வரிசையில் தர்ஷிகா:
"அக்கா, அரை கிராம்தான் அதிகம்.
கொலுசு எடை போடுறப்ப
அது கொறஞ்சா எங்கப்பா கூலியில பிடிச்சுக்குவாங்க."

அட்டையைச் சுருட்டிக்கொண்டேன்.
அவளே எழுதட்டும்.

சூட்டுத் தழும்பேறிய விரல்களில்
சாமணம்போல் சாக்பீஸைப் பிடித்து
பூஜ்யம், புள்ளி, அப்புறம் மெதுவாய் ஐந்து.

எழுதி முடித்தவள் குனிந்து
தரையில் உதிர்ந்த தூளை
ஒரு துளி விடாமல் உள்ளங்கையில் கூட்டினாள்,
வீட்டில் வெள்ளிப்பொடிக்குச் செய்வதைப் போலவே.
பிறகு எங்கே கொட்டுவதென்று தெரியாமல்
என்னைப் பார்த்தாள்.

எனக்கும் தெரியவில்லை.
கையை நீட்டினேன்.